பன்னிரண்டு பிள்ளைகளும் ஒரு டயரும்

எனக்கு உட்கார வராது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். சாப்பிடும்போதுகூட ஒரு காலை ஆட்டிக்கொண்டுதான் இருப்பேன். எனக்குச் சபூரா என்று பெயர் வைத்தார்கள்; பொறுமைசாலி என்று பொருள். (ஆள் எப்படி வளருகிறது என்று ஒரு பத்து வருஷம் பார்த்துவிட்டுப் பெயர் வைத்தால் என்ன குறைந்துவிடும்?)

போடியில் படிப்பு முடித்த கையோடு ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். நாலு மாதம். அடுத்து, ஏலக்காய் தரம் பிரிக்கிற இடத்தில் மேற்பார்வை. பச்சைக் காயையும் வெளிறிய காயையும் பெண்கள் உட்கார்ந்து பிரிப்பார்கள், நான் உட்கார்ந்து அவர்களைப் பார்க்க வேண்டும். மூன்றாவது வாரம் ஜன்னலோரமாக நடக்க ஆரம்பித்தேன். ஆறாவது வாரம் அப்படியே வாசலைத் தாண்டி நடந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். "என்னத்தா, இன்னைக்கு வெரசா வந்துட்ட?" என்று கேட்ட என் அத்தா, என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கு டீ போடப் போய்விட்டார். (எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்போம். மகளையும் செல்லமாக அத்தா என்று கூப்பிடுவார்கள். வெளியாட்களுக்குத் தலை சுற்றும்.)

மூன்றாவதாக வாய்த்ததுதான் பிள்ளைகள்.

பள்ளிவாசலை ஒட்டிய கட்டடத்தின் மாடியில் ஓர் அறை சும்மா கிடந்தது. மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரையுள்ள வாண்டுகளை அங்கே காலையில் உட்கார வைத்து, தக்காளி, தண்ணீர், பஸ்சு, பூனை என்று அன்றாடச் சொற்களைச் சொல்லிக்கொடுக்கும்போதே, நாங்கள் அன்றாடம் சொல்ல வேண்டிய துஆ என்கிற பிரார்த்தனைச் சொற்களையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று எனக்கு ஒரு யோசனை. பள்ளிவாசல் நிர்வாகத்துக்குத் தலைவரான முத்தவல்லியிடம் போய்ச் சொன்னேன். சொல்லும்போதே அவருடைய அறையை மூன்று தடவை சுற்றி வந்துவிட்டேன்.

"ரமலான் வரைக்கும் நடத்திப் பாரும்மா" என்றார் அவர். "ஆனா ஒன்னு. தாய்மாருங்க கிட்டேருந்து ஒரே ஒரு புகார் வந்துச்சுன்னாலும் ரூமப் பூட்டிருவேன்."

பன்னிரண்டு பிள்ளைகள் வந்தார்கள். முதல் வாரத்திலேயே எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. இந்த உலகத்தில் என்னைப் போலவே உட்கார வராத ஜீவன்கள் இருக்கின்றன; அவற்றின் உயரம் மூன்றடி. அறையை விட்டு வீட்டுக்குப் போகவே மனம் வராது எனக்கு. முதல் முறையாக ஒரு வேலை என்னைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று பயந்தேன்.

என் பாடமுறையைப் பற்றி அப்போது எனக்கு இருந்த கர்வத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. சொல்லை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பது பழைய முறையாம். நான் சந்தர்ப்பத்தோடு சொல்லிக்கொடுப்பேனாம். தண்ணீர் டம்ளரைத் தூக்கினால் 'பிஸ்மில்லாஹ்', அல்லாஹ்வின் பெயரால் தொடங்குகிறேன். தும்மினால் 'அல்ஹம்துலில்லாஹ்', புகழெல்லாம் அல்லாஹ்வுக்கே. இதற்காகவே மிளகுத் தூள் கொண்டுபோய் தும்மல் பாடம் நடத்தினேன். அன்றைக்கு வகுப்பு பன்னிரண்டு மணிக்கு முடிந்தது, தும்மல் ஒரு மணிக்கு முடிந்தது. அழகான எதையாவது பார்த்தால் 'மாஷா அல்லாஹ்'. நாளைக்குச் செய்வதாக ஏதாவது சொன்னால் 'இன்ஷா அல்லாஹ்', அல்லாஹ் நாடினால்.

இந்தக் கடைசிச் சொல்லை நாலு வயது ஹாஜரா எனக்கு முன்பே வீட்டில் கற்றிருந்தாள். அம்மா பாலைக் குடிக்கச் சொன்னால், "இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டுத் தெருவுக்கு ஓடிவிடுவாள். பெரியவர்கள் எந்த அர்த்தத்தில் அதைச் சொல்லித் தப்பிக்கிறார்களோ அதே அர்த்தத்தில்.

ஹாஜராவின் அம்மா ரஹ்மத் அக்காவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மகள் மாடிப்படி ஏறுவதைக் கீழே நின்று பார்ப்பார். ஏறிவிட்டாளா என்று போன் பண்ணுவார். அரை மணி கழித்து, இன்னும் மேலேதான் இருக்கிறாளா என்று போன் பண்ணுவார். (மாடியிலிருந்து இறங்க அந்த ஒரு படிதான் இருக்கிறது. அதன் அடியில்தான் அவர் வீடும் இருக்கிறது.) எட்டு வருஷம் காத்திருந்து பெற்ற ஒற்றைப் பிள்ளை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்திருக்கிறேன்.

அடுத்ததாக, 'இன்னாலில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்'. நாமெல்லாம் அல்லாஹ்வுக்கு உரியவர்கள், அவனிடமே திரும்பப் போகிறவர்கள் என்று பொருள். எங்கள் ஊரில் இது காதில் விழுவது பள்ளிவாசல் மைக்கில்தான். மைக் ஒரு தடவை கரகரக்கும், இந்தச் சொல் வரும், பிறகு மவுத்தானவரின் பெயர் வரும். சொல் வந்ததும் தெருவே வேலையை நிறுத்திவிட்டுப் பெயருக்காகக் காத்து நிற்கும். ஆனால் மார்க்கப்படி இது மரணத்துக்கு மட்டும் உரிய சொல் அல்ல. சின்ன இழப்பு எது வந்தாலும் சொல்லலாம். அறிவாளியான எனக்கு இது தெரியும். ஆகவே பென்சில் தொலைந்தால், செருப்பு வார் அறுந்தால், கரண்ட் போனால் என்று அடுக்கடுக்காகச் சந்தர்ப்பம் வைத்துப் பழக்கினேன். "என்ன போச்சு?" என்று நான் கேட்பேன். "ரப்பர் போச்சு மிஸ்!" என்பார்கள். "அப்ப என்ன சொல்லணும்? சத்தமா, எல்லாரும் சேர்ந்து!" பன்னிரண்டு பேரும் கூரை அதிரச் சொல்வார்கள்.

தாய்மார்களிடம் இதை ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த மாதம் சொற்களில் 'ஏலக்காய்' வந்தது. படத்தைக் காட்டி, "இது எங்க காய்க்கும்?" என்று கேட்டேன்.

"பாயசத்துல" என்றாள் ஹாஜரா.

மற்ற பதினொரு பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஊர் முழுக்க ஏலக்காய் மணக்கிறது, ஜன்னலைத் திறந்தால் மலை நிற்கிறது, இந்தப் பிள்ளைகளுக்கு ஏலக்காய் பாயசத்தில் காய்க்கிறது! எனக்குக் கால் பரபரத்தது. போடிமெட்டுக்குப் பக்கத்தில் அறிமுகமானவர் ஒருவரின் ஏலத்தோட்டத்தில் அனுமதி வாங்கினேன். பன்னிரண்டு வீட்டுக்கும் நடந்து பன்னிரண்டு தாய்மார்களிடமும் சம்மதம் வாங்கினேன். ரஹ்மத் அக்காவிடம் மட்டும் மூன்று நாள் நடந்தேன்.

"மத்தியானம் லுஹர் பாங்குக்கு முன்னாடி எம்புள்ள என் கைக்கு வந்துரணும், சபூரா" என்றார்.

"இன்ஷா அல்லாஹ்" என்றேன். (ஹாஜராவின் அர்த்தத்தில் அல்ல. சத்தியமாக நல்ல அர்த்தத்தில்.)

ஞாயிற்றுக்கிழமை காலை ஜீப்பு வந்தது. தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்பு. டிரைவர் முருகேசண்ணே பக்கத்துச் சிலமலை ஊர்க்காரர். மற்ற நாட்களில் அந்த ஜீப்பில் எத்தனை பேரை ஏற்றுவார் என்பது அவருக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். ஆகவே பன்னிரண்டு வாண்டுகளையும் இரண்டு பெண்களையும் பார்த்து, "இன்னைக்கு லோடே இல்ல போலருக்கே தங்கச்சி" என்று சிரித்தார். இரண்டாவது பெண், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மைமூன் அக்கா. அவருக்கு மலை என்றால் பயம். மலையடிவாரத்து முந்தல் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவில் கண்ணை மூடியவர், மேலே போய்ச் சேரும் வரை திறக்கவில்லை. வாயில் நபிகள் மீதான ஸலவாத்து மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

தோட்டத்தில் எல்லாம் நன்றாகவே நடந்தது. ஏலச்செடியின் தலையில் காயைத் தேடிய பிள்ளைகள், அது செடியின் காலடியில் தரையோடு தரையாகச் சரம் விட்டுக் காய்ப்பதைப் பார்த்துக் குப்புறப் படுத்துக்கொண்டு "மாஷா அல்லாஹ்" என்றார்கள். நான் சொல்லிக்கொடுக்காமலே! எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரமலானில் முத்தவல்லி முன்னால் என்னென்ன பேசுவேன் என்று மனசுக்குள் ஒரு சொற்பொழிவே தயாரித்துக்கொண்டேன். அங்கேயே இரண்டு தடவை ரஹ்மத் அக்கா போன் பண்ணினார். ஒரு தடவை சிக்னல் கிடைத்தது. இன்னொரு தடவை என் போன் கேரளாவுக்குப் போய்விட்டது. எல்லையோரத்தில் அப்படித்தான். ஆள் தமிழ்நாட்டில் நிற்பார், போன் இடுக்கியில் நிற்கும்.

பதினொன்றரைக்கு இறங்கத் தொடங்கினோம். ஹாஜரா என் மடியில் உட்கார்ந்து ஒரு முழு பன்னை வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள். பத்தாவது வளைவுக்குச் சற்று முன்னால் போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க சபூரா?"

"வந்துட்டே இருக்கோம்க்கா, பத்தாவது வளைவு..."

படீர்!

பின்பக்க டயர் வெடித்தது. ஜீப்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கிறீச்சென்று தடுப்புச் சுவரோரம் போய் நின்றது. முருகேசண்ணே கைதேர்ந்த ஆள், யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் என் கையிலிருந்த போன் நழுவி சீட்டுக்கு அடியில் விழுந்தது. பேச்சு மட்டும் துண்டிக்கப்படவில்லை.

அடுத்த அரை நிமிஷத்தில் அந்தப் போன் என்னவெல்லாம் கேட்டது என்பதைப் பின்னால் ரஹ்மத் அக்கா வரி வரியாகச் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

முதலில் படீர். பிறகு கிறீச். பிறகு கண்ணைத் திறக்காமலே மைமூன் அக்கா போட்ட கூச்சல்: "யா அல்லாஹ், எல்லாம் முடிஞ்சுச்சே!" அதற்குப் பிறகு பிள்ளைகள். பயந்து அழ வேண்டிய பிள்ளைகள் அழவில்லை. கீழே எட்டிப் பார்த்த ஒரு பொடிசு, "மிஸ், போச்சு!" என்றது. உடனே, சத்தமாக, எல்லாரும் சேர்ந்து, நான் பழக்கியபடியே: "இன்னாலில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்!"

எனக்குப் புல்லரித்துவிட்டது. உண்மையான சந்தர்ப்பம்! ஒருவர்கூடத் தப்பாகச் சொல்லவில்லை! அந்த ஆனந்தத்தில் கையைத் தட்டி, "சபாஷ்! இன்னொரு தடவை, எல்லாரும் சேர்ந்து!" என்று கத்தினேன்.

இன்னொரு தடவையும் சொன்னார்கள். அதோடு சிக்னல் போய்விட்டது.

ரஹ்மத் அக்கா அந்தப் பக்கம் குரல்களைப் பிரித்துப் பிரித்துக் கேட்டிருக்கிறார். பன்னிரண்டு குரலில் ஒரு குரல் இல்லை. ஹாஜரா வாயில் பன் இருந்தது.

இங்கே நானோ போனை எடுத்துப் பார்த்து, 'லைன் போயிருச்சு' என்று பையில் போட்டுக்கொண்டேன். முருகேசண்ணே இறங்கி ஸ்டெப்னியைக் கழற்றினார். ஜாக்கியைத் தேடினார். தலையைச் சொறிந்தார்.

"தங்கச்சி, ஜாக்கிய ராசிங்காபுரத்துல மச்சினன் வாங்கிட்டுப் போனான். திருப்பித் தரல போலருக்கு."

"இப்ப என்னண்ணே பண்றது?"

"ஞாயித்துக்கெழமை, வண்டி கம்மி. ஏதாச்சும் ஜீப்பு வரும். வாங்கி மாட்டிரலாம். நீ வெசனப்படாத."

நான் வெசனப்படவில்லை, ஆனால் நிற்கவும் முடியவில்லை. போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வளைவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். 'கேரளா உங்களை வரவேற்கிறது' என்று ஒரு மெசேஜ் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. கீழே போடி ஊரே தெரிகிறது, பள்ளிவாசல் மினாராகூடப் புள்ளியாகத் தெரிகிறது, ஒரு போன் போகமாட்டேன் என்கிறது. சரி, இதையும் பாடமாக்குவோம் என்று பிள்ளைகளை மலையோரம் வரிசையாக உட்கார வைத்தேன். டயர், நட்டு, ஸ்பேனர் என்று புதிய சொற்கள். "ஜீப்பு ரெடியாகிடும்" என்றால் என்ன சொல்ல வேண்டும்? "இன்ஷா அல்லாஹ்!" மேலேயிருந்து ஒரு ஜீப்பு வந்து ஜாக்கி கொடுத்தபோது என்ன சொல்ல வேண்டும்? "அல்ஹம்துலில்லாஹ்!" ஜாக்கி கொடுத்த டிரைவர் மிரண்டுபோய்ப் பார்த்தார். "எல்லாம் நம்ம புள்ளைங்கதான்ணே" என்று முருகேசண்ணே பெருமையாகச் சொன்னார். என் வாழ்க்கையிலேயே நான் நடத்திய சிறந்த வகுப்பு அது.

அந்த ஒரு மணி நேரம் போடியில் நடந்ததைப் பிறகு ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். எல்லாரும் ஒத்துக்கொண்டதை மட்டும் சொல்கிறேன்.

ரஹ்மத் அக்கா செருப்பில்லாமல் பள்ளிவாசலுக்கு ஓடியிருக்கிறார். வாசலில் விழுந்து, "ஜீப்பு போயிருச்சு, எம்புள்ள போயிருச்சு" என்றிருக்கிறார். யார் சொன்னது என்று கேட்டதற்கு, "புள்ளைங்களே சொல்லுச்சுங்க! இன்னாலில்லாஹி சொல்லுச்சுங்க! ரெண்டு தடவ சொல்லுச்சுங்க!" என்று அழுதிருக்கிறார். இரண்டு தடவை என்றதும் கூடியிருந்தவர்கள் நடுங்கிவிட்டார்கள். அந்தச் சொல்லை யாராவது டயருக்குச் சொல்வார்கள் என்று எங்கள் தெருவில் யார்தான் நினைப்பார்கள்? என் போனுக்கு எல்லாரும் மாறி மாறி அடிக்க, அது மலையாளத்தில் ஏதோ சொல்லியிருக்கிறது. அது இன்னும் கலவரத்தைக் கூட்டியிருக்கிறது. யாரோ மைக்கைப் போட்டேவிட்டார்களாம். இமாமான ஹஜ்ரத் ஓடிவந்து, "பேரு தெரியாம யாரைச் சொல்வீங்க?" என்று மைக்கை அணைத்திருக்கிறார். ஆனால் மைக் ஒரு தடவை கரகரத்துவிட்டது. அது போதும். தெருவே வெளியே வந்துவிட்டது.

மூன்று ஜீப்பு, ஒரு வேன், எட்டு பைக்கு, ஓர் ஆம்புலன்ஸ். துணிக்கடைக்காரர் ஒருவர் கடையைப் பாதியில் அடைத்துவிட்டு ஒரு கட்டு வெள்ளைத் துணியோடு வேனில் ஏறியிருக்கிறார். காயத்துக்குக் கட்டுப்போட என்று மற்றவர்கள் நினைத்தார்கள். எதற்கு என்று அவர் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

நாங்கள் நாலாவது வளைவில் இறங்கிக்கொண்டிருந்தபோது அந்தப் படை ஏறி வந்தது. "ஏதோ கல்யாண ஊர்வலம் போல தங்கச்சி" என்று முருகேசண்ணே ஓரம்கட்டினார். நான் எட்டிப் பார்த்து, எங்கள் தெரு ஆட்களாக இருக்கவே, சந்தோஷமாகக் கையை ஆட்டினேன். (இந்தக் கையாட்டலை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.)

ரஹ்மத் அக்கா ஓடும் ஜீப்பிலிருந்து குதித்தார். எங்கள் ஜீப்பின் பின்பக்கம் வந்து, ஹாஜராவை இழுத்துத் தரையில் நிறுத்தி, தலை, முகம், கை, கால் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு ஓவென்று ஒரு சத்தம் போட்டார். அது அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஏம்மா அழற?" என்றாள் ஹாஜரா. "டயருதாம்மா போச்சு. நீயும் இன்னாலில்லாஹி சொல்லும்மா."

முத்தவல்லி வேனிலிருந்து மெதுவாக இறங்கினார்.

"டயருக்கு இன்னாலில்லாஹி சொல்லணும்னு யாரும்மா சொல்லிக்குடுத்தது?"

பன்னிரண்டு விரல்கள் என்னை நோக்கி நீண்டன. பெருமையாக நீண்டன.

அந்த நேரத்தில் ஒரு மொபெட்டு முக்கி முனகி ஏறி வந்து நின்றது. என் அத்தா. சட்டை பட்டன் மாறிப் போட்டிருந்தார். 'டயரு, டயரு' என்று முணுமுணுத்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்று, என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். மூச்சு வாங்கியது. கேட்டது ஒன்றுதான்.

"ஆளா, டயரா?"

"டயருதானத்தா."

"அப்ப சரி" என்று தடுப்புச் சுவரில் உட்கார்ந்தார். மாறிப் போட்டிருந்த பட்டனைக் கழற்றி மறுபடியும் மாற்றியே போட்டார். அதற்குப் பிறகுதான் நான் செய்திருக்கிற காரியம் எனக்கு உறைத்தது. ஒரு மணி நேரம் பன்னிரண்டு வீடுகளும் என் வீடும் எப்படிக் கிடந்திருக்கும் என்று நினைத்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அன்று அஸர் தொழுகை முடிந்ததும் கூட்டம். ஆண்கள் அறைக்குள், தாய்மார்கள் மாடிப்படியில், நான் நடுவே கதவோரம். என் அறைதான். சுவரில் பிள்ளைகள் வரைந்த தக்காளியும் பூனையும் பார்த்துக்கொண்டிருந்தன. இனி இதற்குள் வரமாட்டேன் என்று நினைத்தபடி, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன்.

"ஒரு புகார் வந்தாப் பூட்டிருவேன்னு சொல்லியிருந்தேன்" என்றார் முத்தவல்லி. "பன்னெண்டு வந்திருக்கு."

ஹஜ்ரத் மெல்ல இருமினார். "அந்தப் பொண்ணு சொல்லிக்குடுத்தது மார்க்கத்துல சரிதான். செருப்பு வார் அறுந்தாக்கூடச் சொல்லலாம். சரியானதச் சொல்லிக்குடுத்ததுக்காகப் பூட்டுனா, நாளைக்கு நம்மளயில்ல கேப்பாங்க?"

"மார்க்கத்துல சரி ஹஜ்ரத். எங்க நெஞ்சு தாங்க வேணாமா?"

மாடிப்படியிலிருந்து ரஹ்மத் அக்காவின் குரல் வந்தது. "நான் பேசலாமா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இவ என்னைய ஒரு மணி நேரம் உசுரோட கொன்னுட்டா. அத நான் மறக்க மாட்டேன். மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க. ஆனா ரூமப் பூட்டாதீங்க. வெடிச்ச வெடிக்கு எம்புள்ள அலறியிருக்கணும். அழாம உக்காந்திருந்துச்சு. நான்தான் அந்தச் சொல்லக் கேட்டு விழுந்தேன். நாலு வயசுப் புள்ளைக்குத் தெரிஞ்ச அர்த்தம் முப்பத்தாறு வயசுல எனக்குத் தெரியல. புள்ளைக்கு என்ன சொல்லிக்குடுக்குறாளோ அத எங்களுக்கும் சொல்லிக்குடுக்கட்டும். எங்களுக்குத் தெரியாம ஒரு சொல்லும் கூடாது."

நான் கதவோரத்திலிருந்து படிக்கு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மன்னிச்சிருங்கக்கா" என்றேன். அவர் என் தலையில் ஒரு குட்டு வைத்தார். நிஜக் குட்டு. இரண்டு நாள் வலித்தது.

தீர்ப்பு இதுதான்: மலைக்குப் போகக் கூடாது. சனிக்கிழமைதோறும் தாய்மார்களுக்கும் வகுப்பு. பிள்ளைகளையாவது மிட்டாய் காட்டி உட்கார வைக்கலாம், பன்னிரண்டு தாய்மார்களை எதைக் காட்டி உட்கார வைப்பது? "ஏன் சபூரா, பால் பொங்கி வழிஞ்சா சொல்லலாமா?" "மாமியா வந்து ஒரு மாசம் தங்குனா?" "அடியே, வந்ததுக்குச் சொல்லக் கூடாதுடி, போனதுக்குத்தான்!" அந்த வகுப்பில் நான் கற்றதுதான் அதிகம்.

அறை இன்றைக்கும் இருக்கிறது. இது ஏழாவது வருஷம். நானும் அதே இடத்தில்தான் இருக்கிறேன், நடந்துகொண்டே. முருகேசண்ணே இப்போது ஜீப்பில் இரண்டு ஜாக்கி வைத்திருக்கிறார். பஞ்சர் ஆனால் அவரும் "இன்னாலில்லாஹி" என்கிறாராம். தோட்டத்துப் பெண்கள் சொன்னார்கள்.

அத்தாவின் கேள்விதான் தெருவில் நிலைத்துவிட்டது. யாராவது போனில் அந்தச் சொல்லைச் சொன்னால் போதும், உடனே "ஆளா, டயரா?" என்று கேட்பார்கள். மிக்சி போனாலும், கோழி செத்தாலும், மாப்பிள்ளைக்கு வேலை போனாலும் அதே கேள்வி. அத்தாவுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. "நான் நெசமாத்தானப்பா கேட்டேன்" என்பார். போகப் போக அவரே கேட்டுவிட்டு அவரே முதலில் சிரிப்பார்.

போன வருஷம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்த அத்தா எழுந்திருக்கவில்லை. ஹாஸ்பிடலுக்குத் தூக்கிக்கொண்டு போய், டாக்டர் வெளியே வந்து சொல்லி, எல்லாம் பத்தே நிமிஷத்தில் முடிந்துவிட்டது. யாருக்காவது சொல்ல வேண்டும். கை தானாக ரஹ்மத் அக்கா நம்பரை அழுத்தியது.

"அக்கா... இன்னாலில்லாஹி..."

"என்னடி? ஆளா, டயரா?" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. அழுகையும் அதோடு சேர்ந்து வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சிரித்துச் சிரித்து அழுதேன். அந்தப் பக்கம் அக்காவின் சிரிப்பு சட்டென்று நின்றது. "நீ எங்கயும் நடக்காத. அங்கேயே உக்காரு. நான் வர்றேன்" என்றார்.

உட்கார்ந்தேன். அக்கா செருப்பில்லாமல்தான் வந்தார். அன்றைக்கு ஹாஜராவைத் தடவியது போலவே என் தலை, முகம், கை என்று தடவினார். "நான் பாவி, கேட்டுட்டேனே சபூரா, கேட்டுட்டேனே" என்று மாரில் அடித்துக்கொண்டார். இன்றுவரை அதைச் சொல்லி என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். நானும் ஒவ்வொரு தடவையும் அவருக்கு ஒரே பதில்தான் சொல்கிறேன்: நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் எங்கத்தா கோவிச்சுக்கிட்டிருப்பார்.